ஒன்பது வருஷக் குளியல்

குற்றாலம் பேரருவியில் குளிக்கப் போன ராயகிரி முத்துச்செல்வம், ஒன்பது வருஷம் ஒரு மாதம் கழித்துக் குளித்து முடித்து வெளியே வந்தார். உள்ளே போனது 2015 ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு. அப்போது குற்றாலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. வெளியே வந்தது 2024 ஆடியில், தென்காசி மாவட்டத்துக்குள். இடைப்பட்ட காலத்தில் சீசன் நன்றாக அமைந்த வருஷங்கள் ஐந்து, சுமாராகப் போனவை மூன்று, கொரோனாவுக்காக அருவியை மூடிவைத்தது ஒன்று. மங்குஸ்தான் பழத்தின் விலை இரண்டு மடங்கானது. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது.

அன்றைக்குச் சாரல் நல்ல பதத்தில் இருந்தது. அருவிக்குப் போகும் பாதையில் உமாராணி கடை போட்டிருந்தாள். நான்கு கம்பு, மேலே ஒரு தார்ப்பாய், அதற்குக் கீழே துண்டுகள், சோப்பு, ஷாம்பு பாக்கெட், சின்னச் சின்னப் பாட்டில்களில் நல்லெண்ணெய். இலஞ்சியிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வந்து இறங்குவாள். முப்பத்தாறு வயது. பேச்சில் கறார், வியாபாரத்தில் அதைவிடக் கறார். ஆனால் பதினான்கு வருஷத்தில் அவளிடம் விட்டுவிட்டுப் போன ஒரு செருப்புகூடக் காணாமல் போனதில்லை என்று ஊரில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

குற்றாலத்தின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். குளிக்க வருகிறவர்கள் பை, செருப்பு, செல்போன், மூக்குக்கண்ணாடி, சில சமயம் கழுத்துச் சங்கிலி உட்பட எல்லாவற்றையும் பக்கத்தில் நிற்கும் யாரிடமாவது கொடுத்து, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அருவிக்குள் போய்விடுவார்கள். பெரும்பாலும் முன்பின் தெரியாத ஆளிடம்தான் இப்படிச் சொல்வது. சொன்னவர் திரும்பி வரும்வரை கேட்டவர் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. பிள்ளைக்குப் பசித்தாலும், பஸ் போய்விட்டாலும் நிற்க வேண்டியதுதான். குற்றாலத்தில் திருட்டே நடந்ததில்லையா என்றால், தாராளமாக நடந்திருக்கிறது. ஆனால் பார்த்துக்கொள்கிறேன் என்று வாயால் சொன்ன ஒருவர் நிற்கும்போது நடந்ததில்லை.

முத்துச்செல்வம் கடைக்கு வந்து நின்றபோது உமாராணி, கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த பன்னிரண்டு பேருக்கு ஷாம்புச் சரத்தைப் பல்லால் கடித்துப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் தெளிவாகத்தான் சொன்னார்.

"அக்கா, பையையும் தங்கச்சியையும் பாத்துக்கிடுங்க. குளிச்சிட்டு வந்துருதேன்."

உமாராணி தலை நிமிராமல், ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வதையே சொன்னாள். "போயிட்டு வாங்க, பாத்துக்கிடுதேன்."

கோவில்பட்டிக்காரர்கள் போன பிறகு குனிந்து பார்த்தாள். மடித்து வைத்த நீலக் கோடு போட்ட சட்டை, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, ஒரு ரெக்ஸின் பை. அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொரு வயதிருக்கும். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றிப் போட்டிருந்தாள். கேட்ட எதற்கும் பதில் இல்லை. அருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேரருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் கலங்கிய புத்தி தெளியும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் அப்படிப்பட்டவர்களைத் தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் கூட்டிக்கொண்டு வருவார்கள். தெளிந்து போனவர்களும் உண்டு. ஐந்து பேராக வந்து நான்கு பேராகத் திரும்பிப் போகும் குடும்பங்களும் உண்டு. ஒரு சீசனுக்கு இரண்டு மூன்று பேராவது குற்றாலத்தில் மிச்சமாகிவிடுவார்கள். ஊர் இதைப் பார்த்துப் பழகியிருந்ததால், மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் முடிவுக்கு வந்துவிட்டது. எதிர்ப்பக்கத்து டீக்கடை முகம்மது சலீம் வந்து, அந்த ஆள் அருவியின் அந்தப் பக்கமாக ஏறிப் போயிருப்பான், வரமாட்டான் என்று பக்குவமாகச் சொன்னார்.

"சட்ட இங்கன கெடக்கு, செருப்பு இங்கன கெடக்கு" என்றாள் உமாராணி. "குளிக்காவ. வருவாவ."

புறக்காவல் நிலையத்திலிருந்து ஏட்டு மகாதேவன் ஒரு நோட்டோடு வந்தார். ஆளைக் காணவில்லை என்று எழுதலாமா என்று கேட்டார். உமாராணி, அவர் காணாமல் போகவில்லை, குளித்துக்கொண்டிருக்கிறார் என்றே எழுதச் சொன்னாள். அப்படி எழுதுவதற்கு நோட்டில் கட்டம் இல்லை. மகாதேவன் யோசித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு போனார். சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் உமாராணி அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு இலஞ்சிக்குப் போனாள். சட்டையும் செருப்பும் பையும் கூடவே போயின.

அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவன். நூறு கிலோ மூட்டையை முதுகில் வாங்கினால் முனகமாட்டான். வீட்டுக்குள் புதிதாக ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முனகினான். இரண்டு நாள்தான் என்றாள் உமாராணி. மூன்றாவது நாள், ஏதாவது முகவரி கிடைக்குமா என்று முதன்முறையாக அந்தப் பையைத் திறந்தாள். ஒரு மாற்றுச் சேலை, மாத்திரை அட்டைகள், சார்ஜ் இறங்கிப்போன பட்டன் செல்போன், பக்கவாட்டு அறையில் நான்காக மடித்த ஒரு காகிதம். காகிதம் ஒரு கல்யாணப் பத்திரிகையின் புரூஃப். அச்சகத்தில் பிழை பார்க்கக் கொடுத்தது. மாப்பிள்ளை முத்துச்செல்வம். ஆவணி மாதம் முகூர்த்தம். கீழே, தங்கள் நல்வரவை விரும்பும் என்று உறவுக்காரர்கள் பெயர் வரிசையில் 'தங்கை பாலம்மாள்' என்று இருந்ததை நீல மையால் ஒரே கோடாக அடித்து, ஓரத்தில், பிழை திருத்தியிருந்த கையெழுத்தாக இல்லாமல் வேறொரு கையெழுத்தில் 'வேண்டாம்' என்று எழுதியிருந்தது.

உமாராணி அதை இரண்டு தடவை படித்தாள். அந்த ஆள் எதற்காகக் குளிக்கப் போனார் என்று அவளுக்கு அப்போது விளங்கிவிட்டது. பாலம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். உமாராணி காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து இருந்த இடத்திலேயே வைத்து ஜிப்பை இழுத்தாள். புருஷனிடம் முகவரியை மட்டும் சொன்னாள். சங்கிலிப்பாண்டி ராயகிரிக்குப் போய்ப் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு வந்தான். அப்பாவும் அம்மாவும் இல்லை, கல்யாணம் நின்றுவிட்டது, அண்ணன்காரன்தான் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சே இல்லாத அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, ராத்திரி பகல் பார்த்தவன், இப்போது அவனையும் காணோம், எங்களால் முடியாது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள்.

முதல் வருஷம் கொடுமையாக இருந்தது. இதை மறைப்பதில் அர்த்தமில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் பாலம்மாள் தெருவில் இறங்கி ஓடுவாள். ஒரு தடவை செங்கோட்டை வரை நடந்துவிட்டாள். ஒரு பஸ் டிரைவர் அடையாளம் கண்டு கூட்டிக்கொண்டு வந்து விட்டார். கண்ணாடியை உடைத்தாள். குளிப்பாட்டப் போன உமாராணியின் மணிக்கட்டைக் கடித்தாள். நான்கு பல்லின் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. உமாராணி அன்றைக்கு அவளை அடித்துவிட்டாள். அடித்துவிட்டு, கடிபட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பாலம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உமாராணியின் முழங்காலைத் தடவிக் கொடுத்தாள். ஐப்பசியில் காப்பகத்துக்குக் கூட்டிப்போக ஒரு வேன் வந்தது. வந்த அம்மாள் நல்லவள்தான், அங்கே மருந்து உண்டு, கட்டில் உண்டு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

"மருந்து வாங்கிக் குடுங்க, நான் குடுக்கேன்" என்றாள் உமாராணி. "ஆள விடமாட்டேன். அவிய வந்து எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

வேன் காலியாகப் போனது. மாத்திரைகள் மட்டும் மாதாமாதம் வந்தன.

அருவிக்குள் அந்த ஆள் இருக்கிறார் என்பது ஊருக்கு உறுதியானது அடுத்த சித்திரையில். பேரருவி கோடையில் வற்றிவிடும். பாறையில் ஈரத் தடம் மட்டும் மிச்சமிருக்கும். அந்த வருஷம் எல்லாம் வற்றிய பிறகும், ஆண்கள் பக்கத்துக் கம்பியிலிருந்து நான்காவது ஆள் நிற்கும் இடத்தில், சரியாக ஓர் ஆளின் அகலத்துக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. விழும் தண்ணீர் ஐந்தேகால் அடி உயரத்தில் இரண்டாகப் பிரிந்து, இரண்டு தோள்களில் வழிவதுபோல் வழிந்தது. அளக்க வந்த இன்ஜினியர் நான்கு பக்கம் எழுதினார். ஐந்தாவது பக்கத்தில் காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு, சீசனில் அந்த இடத்தில் குளித்தவர்கள் எல்லாம் தங்களுக்கும் ஒரு தோள் தட்டுப்பட்டது என்று ஒத்துக்கொண்டார்கள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றால் அரை அடி தள்ளி நிற்பாராம். முகத்தை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

சலீமுக்கு மனது கேட்கவில்லை. ஓடிப்போனவன் என்று முதலில் சொன்னது அவர்தான். ஒரு நாள் குளிக்கப் போகிறவர் ஒருவரிடம் கண்ணாடி கிளாஸில் இஞ்சி டீ கொடுத்து, அந்த நான்காவது இடத்தில் நீட்டச் சொன்னார். கிளாஸ் தண்ணீருக்குள் போனது. சற்று நேரத்தில் காலியாக வெளியே வந்தது. அன்றிலிருந்து காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. திரும்பி வரும் கிளாஸ் பளிச்சென்று கழுவியிருக்கும். அந்த வகையில் சலீமுக்கு ஒரு வேலை மிச்சம். பிறகு அல்வா போனது, வாழையிலையில் பொதிந்த இட்லி போனது, வெளியூர்க்காரர்கள் சிலர் ரம்புட்டானும் நீட்டினார்கள். எல்லாவற்றையும் அவர் வாங்கிக்கொண்டார். இலையை மட்டும் தண்ணீரில் விடாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தது அவருடைய வளர்ப்பைக் காட்டுகிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது அவருடைய சட்டைப் பையில் அப்படி ஒரு நோட்டு இருந்தது. மாற்றிவிடு என்று பத்துப் பேர் சொன்னார்கள். வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும் என்று உமாராணி சொல்லிவிட்டாள். சட்டையை மட்டும் மாதம் ஒரு முறை துவைத்துத் தேய்த்து, அந்த நோட்டைத் திரும்பவும் அதே பைக்குள் வைப்பாள்.

பாலம்மாள் இரண்டாவது வருஷத்திலிருந்து கடைக்கு வந்து உட்கார்ந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் செருப்புகளை ஜோடி சேர்க்க ஆரம்பித்தாள். சீசனில் அந்த இடத்தில் முந்நூறு நானூறு செருப்பு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். குளித்துவிட்டு வருகிறவர் பத்தடி தூரத்தில் வரும்போதே அவருடைய ஜோடியை எடுத்து அவர் வரும் பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவாள். அவர் உள்ளே போனதை அவள் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு தடவைகூட மாறியதில்லை. சங்கிலிப்பாண்டி ஒரு நாள், பரவாயில்லை, இப்போது கடைக்கும் ஒத்தாசையாகிவிட்டாள் என்றான். உமாராணிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஒத்தாசைக்காக ஒன்றும் வைத்திருக்கவில்லை, அவள் நாளைக்கே செருப்பைத் தொடாவிட்டாலும் சோறு உண்டு என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தாள்.

ஒரு ஜோடியை மட்டும் பாலம்மாள் திருப்பி வைக்கவே இல்லை. அண்ணனுடைய ரப்பர் செருப்பு தினமும் சட்டை, பையோடு கடைக்கு வரும். அதைத் துடைத்து, அருவியைப் பார்த்தபடி வைப்பாள். அது உள்ளே போகும் ஆளின் செருப்பு மாதிரியே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் உமாராணி அருவிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள். இன்னும் எத்தனை காலம் என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். அந்தச் செருப்பு திரும்பும் என்று அவளுக்கே சில நாட்களில் நம்பிக்கை இருக்காது.

நான்காவது வருஷம் திருப்பூரில் ஒரு குடோனில் சங்கிலிப்பாண்டிக்கு வேலை கிடைத்தது. வெயிலில் சுமக்க வேண்டாம், தங்க வீடும் தருவார்கள். ஆனால் வீடு என்பது ஓர் அறை; இரண்டு பேருக்குத்தான். உமாராணி வரமாட்டேன் என்றாள். யாரோ ஒருத்தி, யாரோ ஒருத்தன், பேரைக்கூடக் கேட்காமல் நீ சொன்ன ஒரு வார்த்தை, அதற்காக நம் பிழைப்பு போகிறது என்று அவன் வாழ்க்கையிலேயே முதன்முறையாகச் சத்தம் போட்டான். சத்தம் போட்டுவிட்டு பஸ் ஏறி நேராகக் குற்றாலத்துக்குப் போனான். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஆண்கள் பக்கம் நுழைந்து, நான்காவது இடத்தில் கையை விட்டு, கிடைத்த கையைப் பிடித்து வெளியே இழுத்தான். அவன் இழுத்து வராத மூட்டை பாவூர்சத்திரத்தில் கிடையாது. இது அசையவில்லை. அரை மணி நேரம் இழுத்தான். குளித்தவர்களெல்லாம் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

அவன் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. கடைக்கு வந்து நின்று உமாராணியிடம் மெதுவாகச் சொன்னான். "அந்தக் கை நடுங்குது, உமா. குளிருல இல்ல. எம் முதுகுல மூட்ட ஏத்தும்போது காலு நடுங்கும் பாரு, அந்த மாரி. தாங்க முடியாம நடுங்குது. பாவம்."

திருப்பூர்ப் பேச்சு அதோடு நின்றது. மறுநாளிலிருந்து மார்க்கெட் முடிந்து வரும் வழியில் சங்கிலிப்பாண்டி குற்றாலத்தில் இறங்கி, உள்ளங்கையில் நல்லெண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்து, தண்ணீருக்குள் கையை விட்டு அந்தத் தோள்களில் பூசிவிட்டு வர ஆரம்பித்தான். அவன் அப்படிச் சொன்ன அன்றைக்கே உமாராணி வீட்டுக்குப் போனதும் பையைத் திறந்து, பக்கவாட்டு அறையிலிருந்த காகிதத்தை எடுத்தாள். அத்தனை வருஷத்தில் வைத்தது வைத்தபடி என்ற வைராக்கியத்தை அவள் மீறியது அந்த ஒரு தடவைதான். பத்திரிகையை அடுப்பில் வைத்தாள். மை எரிந்த வாசனை கொஞ்ச நேரம் வீட்டில் இருந்தது. அன்றைக்குச் சோறு சீக்கிரம் வெந்தது என்று சொல்கிறார்கள். அது அவ்வளவு நம்பும்படி இல்லை.

கொரோனா வந்த வருஷம் அருவியை மூடினார்கள். யாரும் குளிக்கக் கூடாது என்று உத்தரவு. ஏற்கெனவே குளித்துக்கொண்டிருப்பவரை என்ன செய்வது என்று உத்தரவில் இல்லை. மகாதேவன் மேலிடத்துக்குக் கேட்டு எழுதவில்லை. எழுதினால் பதில் வந்துவிடும் என்று பயந்தார். ஆள் நடமாட்டமே இல்லாத அந்த மாதங்களில் சலீம் கடையும் கிடையாது. உமாராணி வீட்டிலிருந்து பிளாஸ்கில் டீ போட்டு, இலஞ்சியிலிருந்து நடந்தே கொண்டுவருவாள். மகாதேவன் முகக்கவசத்தோடு அதை வாங்கிக்கொண்டு போய் நீட்டுவார். முகக்கவசம் ஒன்றையும் நீட்டிப் பார்த்தார். அது மட்டும் திரும்பி வந்துவிட்டது.

2024 ஆடி மாதம், ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு, சாரல் நல்ல பதத்தில் இருந்தது. உமாராணி கடைக்குள் குனிந்து சோப்புப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்தாள். புருஷன் ஆண்கள் பக்கம் போய்விட்டான். கூட வேறு யாரும் இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பாலம்மாளின் மடியில் குழந்தையை வைத்தாள். "அக்கா, பிள்ளையக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. ஒரே முங்கு, வந்துருதேன்" என்றாள்.

உமாராணி பதறி நிமிர்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பாலம்மாள் சொன்னாள்.

"போயிட்டு வாங்க. பாத்துக்கிடுதேன்."

இருபத்தொரு வருஷத்தில் பாலம்மாள் பேசிய முதல் பேச்சு அது. குரல் பழைய கதவு மாதிரி கரகரத்தது. அந்தப் பெண் அதை ஒரு சாதாரணப் பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உமாராணி சோப்போடு அப்படியே நின்றாள். பாலம்மாள் குழந்தையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறுகையால் அண்ணனுடைய ரப்பர் செருப்பை எடுத்து, திருப்பி, வெளியே வருகிறவர் காலை நுழைக்கும்படி வைத்தாள்.

பேரருவியின் சத்தம் ஒரு மூச்சு விடும் நேரத்துக்கு நின்றது. நின்றதைக் கேட்டவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பிறகு நான்காவது இடத்திலிருந்து முத்துச்செல்வம் வேட்டியைப் பிழிந்துகொண்டே நடந்து வந்தார்.

அவர் உள்ளே போனபோது முப்பத்துநான்கு வயது. வெளியே வந்தபோதும் முப்பத்துநான்கு. தங்கைக்கு நாற்பதாகியிருந்தது. அந்தப் பக்கமாக ஏறிப் போய்விடுவது என்ற எண்ணத்தோடுதான் தான் உள்ளே நுழைந்ததாகவும், தண்ணீர் தலையில் விழுந்ததும் போவதா திரும்புவதா என்று ஒரு நிமிஷம் யோசித்து நின்றதாகவும், பாரம் தாங்க முடியவில்லை என்றும், தங்கச்சியின் குரல் கேட்ட மாதிரி இருந்ததும் திரும்பிவிட்டதாகவும் பின்னாளில் சங்கிலிப்பாண்டியிடம் சொன்னார். மனிதர்கள் சில விஷயங்களை ஒரு நிமிஷத்தில் முடிவு செய்ய முடியாது. அவருக்கு ஒன்பது வருஷம் ஆனது, அவ்வளவுதான்.

கடை முன்னால் வந்து நின்று செருப்பில் காலை நுழைத்தார். உடம்பு வெடவெடத்தது. "உள்ள நல்ல குளிரு. யாரோ ஒரு டீ குடுத்தாவ" என்றார். பிறகு உமாராணியைப் பார்த்து, தப்புச் செய்துவிட்டு வந்தவர்கள் கேட்கும் குரலில் கேட்டார்.

"ரொம்ப நேரமாக்கிட்டனோ அக்கா?"

கடையைச் சுற்றிச் சலீம், ஏட்டாக இருந்து எஸ்.எஸ்.ஐ. ஆகியிருந்த மகாதேவன், எண்ணெய் தேய்க்கிறவர்கள், சிப்ஸ் கடைக்காரர்கள் எல்லோரும் வந்து நின்றிருந்தார்கள். ஒன்பது வருஷமாக அந்த ஆள் வந்தால் கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒரு கேள்வி வைத்திருந்தார்கள். உமாராணியிடம் அதிகமாகவே இருந்தது. அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

"இல்ல அண்ணாச்சி" என்றாள். "இப்பதான போனிய."

யாரும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து மொத்தக் குற்றாலமும் அந்தப் பொய்யைத் தாங்கிப் பிடித்தது. சலீம் ஓடிப்போய்க் கடையில் தொங்கிய தேதிக் காலண்டரைத் திருப்பி மாட்டினார். புறக்காவல் நிலையத்துப் பலகையில் 'தென்காசி மாவட்டம்' என்று புதிதாக எழுதியிருந்ததால் மகாதேவன் போய் அதற்கு முன்னால் நின்றுகொண்டார். அடுத்த மாதம் ஓய்வு பெறப் போகிறவர், முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றார். முத்துச்செல்வம் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையில் இருந்த ஐந்நூறு ரூபாயை எடுத்துத் தனக்கும் தங்கச்சிக்கும் டீ கேட்டார். சலீம் அந்தச் செல்லாத நோட்டை வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, பொறுப்பாகச் சில்லறை கொடுத்தார்.

டீயைக் குடித்துக்கொண்டே முத்துச்செல்வம் பையின் பக்கவாட்டு அறையைத் திறந்தார். கையை விட்டுத் துழாவினார். சேலையை உதறிப் பார்த்தார். மற்ற எல்லாம் இருந்தன. அந்த ஒன்று மட்டும் இல்லை. அவர் தலை நிமிர்ந்து உமாராணியைப் பார்த்தார். அவள் இல்லாத தூசியை ஒரு துண்டிலிருந்து தட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் அவர் தங்கையைச் சரியாகப் பார்த்தார். ஒட்ட வெட்டியிருந்த முடி தோளுக்குக் கீழே வளர்ந்து, இழுத்து வாரிப் பின்னியிருந்தது. காதோரம் நரைத்திருந்தது. ஜாக்கெட் நேராகப் போட்டிருந்தாள். டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அவர் அழுதார். சத்தம் வராமல், வெகுநேரம் அழுதார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாலம்மா, வா. வீட்டுக்குப் போவோம்" என்றார்.

பாலம்மாள் எழுந்திருக்கவில்லை. மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"இருண்ணே" என்றாள். "பிள்ளையோட அம்ம வரட்டும். பாத்துக்கிடுதேன்னு சொல்லிருக்கேம்லா."

முத்துச்செல்வம் செருப்புகளை ஒதுக்கிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சாரல் குழந்தையின் மேல் படாமல் இருக்க ஒரு துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டார். பெண்கள் பக்கம் அன்றைக்கு நல்ல கூட்டம். ஒரே முங்கு என்று போனவள் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தலை சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். குழந்தையைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள், ரொம்ப நேரமாக்கிவிட்டேன் என்று எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னாள்.

"இல்லம்மா" என்றார் முத்துச்செல்வம். "இப்பதான போனிய."

அன்றைக்கு அவர்கள் ராயகிரிக்குப் போகவில்லை. உமாராணி இலஞ்சி வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனாள். அடுத்த தெருவில் ஒரு வீடு காலியாக இருந்தது. முத்துச்செல்வம் இப்போது பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் சங்கிலிப்பாண்டியோடு லோடு ஏற்றுகிறார். பாலம்மாள் செருப்புகளை ஜோடி சேர்க்கிறாள்; சில நாட்களில் பேசுகிறாள், சில நாட்களில் பேசுவதில்லை. அடுத்த கோடையில் பேரருவி வழக்கம்போல முழுவதுமாக வற்றியது. இரண்டு வாரம் கழித்து, ஐந்தாவது ஆள் நிற்கும் இடத்தில், சற்று ஒடுங்கலாக, இன்னொரு தாரை விழ ஆரம்பித்தது. யார் என்று தெரியவில்லை. சலீம் டீயில் சர்க்கரையைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு ஒரு கிளாஸ் கொடுத்தனுப்பினார்.